13 கிலோமீட்டர் மதிலுக்குள் எவ்வளவு நிலம் அடங்கும்?

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டை, மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு சேர்ந்து, மராட்டியரின் ராணுவ நிலவமைப்புகள் என்ற தலைப்பில் 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது முதல், அதைப் பற்றிய கட்டுரைகளும் காணொலிகளும் இணையத்தில் பெருகியிருக்கின்றன. மதிலின் நீளம் 13 கிலோமீட்டர், மதில் சூழ்ந்த பரப்பு 11 சதுர கிலோமீட்டர், ராஜகிரியின் உயரம் 800 அடி என்னும் மூன்று எண்களை அவற்றுள் பலவும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இந்த எண்களை யார் அளந்தார்கள், எப்போது அளந்தார்கள், எதை அளந்தார்கள் என்னும் விவரம் பெரும்பாலும் உடன் வருவதில்லை. எனினும் இவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சோதிப்பதற்கு வரலாற்றுப் புலமையோ தொல்லியல் பயிற்சியோ தேவையில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். இணையத்தைக் கணக்கு வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்விக்குச் செஞ்சி நகரத்துப் பள்ளி ஒன்றுக்குக் கைக்கெட்டும் தொலைவிலேயே விடை இருக்கிறது என்பதை இந்த எண்களைக் கொண்டே காட்டிவிடலாம்.

திறனாய்வுச் சிந்தனை என்னும் தொடர் கல்வி ஆவணங்களில் அடிக்கடி வந்தாலும், கணக்கு வகுப்பைப் பொறுத்தவரை அதன் பொருள் எளியது. ஒரு கூற்றைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்ளாமலும் தள்ளிவிடாமலும், அது எந்த நிபந்தனையில் உண்மையாகும், எங்கே பொய்க்கும், அதற்குக் காட்டப்படும் ஆதாரம் போதுமா என்று வரிசையாக வினவி, தான் எட்டிய முடிவுக்குத் தானே காரணம் சொல்லக் கற்பதே அது. இதற்குக் கணக்கைப்போல் ஏற்ற பாடம் வேறில்லை. ஏனெனில் ஆசிரியர் சொன்னார் என்பதாலோ நூலில் இருக்கிறது என்பதாலோ கணக்கில் எதுவும் உண்மையாகிவிடுவதில்லை, நிரூபித்தால்தான் உண்மை. அப்படியிருந்தும் நடைமுறையில் மாணவர்கள் மிகக் குறைவாகக் கேள்வி கேட்கும் வகுப்பு கணக்கு வகுப்பாகவே இருந்துவருவது வருந்தத்தக்கது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்த குழு, எண்களைக் கையாளும் பயன்பாட்டுத் திறனைப் பள்ளிக் கணக்கின் குறுகிய நோக்கம் என்றும், குழந்தையின் சிந்தனையையே கணிதமயமாக்குவதை அதன் உயர்ந்த நோக்கம் என்றும் பிரித்துக் காட்டியது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வது முதல் நோக்கத்துக்கு ஓரளவு உதவலாம். அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது, எப்போது அது கைவிட்டுவிடும் என்று கேட்பது இரண்டாவது நோக்கத்துக்கு உரியது.

இதற்கான கருவிகள் தமிழ்நாட்டில் இல்லை என்று சொல்வதற்கில்லை. 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கும் அதற்கடுத்த ஆண்டில் ஏனைய வகுப்புகளுக்கும் வந்த புதிய பாடநூல்களில், கைப்பேசியைக் காட்டினால் உரிய இணையப் பக்கத்தைத் திறந்துவிடும் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கணக்கு நூலின் இயல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பெயரில், ஜியோஜீப்ரா மென்பொருளில் செய்துபார்க்கும் பயிற்சிகள் படிப்படியாகப் படங்களோடு தரப்பட்டுள்ளன. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய ஜியோஜீப்ரா, வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைப்பது. ஒரு முக்கோணத்தின் முனையை விரலால் இழுத்தால் அதன் பக்கங்களும் கோணங்களும் பரப்பும் அதே கணத்தில் மாறுவதைக் கண்ணால் காணலாம். கட்டணமில்லாத இம்மென்பொருளைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத நேரத்திலும் பயன்படுத்தலாம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்திருக்கின்றன. 2017-இல் தொடங்கிய தீக்‌ஷா தளம், 2019-இல் வந்த கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் வந்த மணற்கேணி செயலி ஆகியவை பாடங்களைக் காணொலியாகத் தருகின்றன.

இவற்றின் அருமையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் பாடம் நின்றுவிடாமல் காக்க இவை உதவுகின்றன. ஆனால் காணொலி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அது இரண்டாவது கரும்பலகையாகவே நிற்கிறது. விளக்கம் அங்கிருந்து வருகிறது, மாணவர் இங்கிருந்து பெற்றுக்கொள்கிறார். இணையம் விடைகளின் களஞ்சியமாக மட்டும் வகுப்பறைக்குள் நுழையுமானால் மனப்பாடத்தின் வேகம் கூடுமே தவிர, சிந்தனை கூடாது. சரிபார்க்கப்படாத கூற்றுகள் கொட்டிக் கிடக்கும் சந்தையாக அது நுழையும்போதுதான், கணக்கு தனக்குரிய வேலையைச் செய்யத் தொடங்குகிறது.

செஞ்சிக் கோட்டை ஒரே மலைமேல் அமைந்ததன்று. வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதில்களால் இணைத்து, நடுவிலுள்ள சமவெளியையும் வளைத்துக்கொண்டு, ஏறத்தாழ முக்கோண வடிவில் அது கிடக்கிறது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை மதிலை ஊடறுத்துச் செல்வதால், பேருந்தில் போகிறவர்கள்கூட இந்த அமைப்பை ஓரளவு கண்டுகொள்ளலாம். இணையம் சொல்லும் 13 கிலோமீட்டரைச் சுற்றளவாகக் கொண்டு மூன்று சம பக்கங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 4.33 கிலோமீட்டர் ஆகும். பக்கத்தின் வர்க்கத்தை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் சமபக்க முக்கோணத்தின் பரப்பு கிடைக்கும் என்பது பாடநூல் சூத்திரம். அதன்படி இந்த முக்கோணத்தின் பரப்பு 8.13 சதுர கிலோமீட்டர். ஒரே சுற்றளவுள்ள முக்கோணங்களுள் மிகப் பெரிய பரப்பை அடைப்பது சமபக்க முக்கோணமே என்பதால், 13 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எந்த முக்கோணமும் இதற்கு மேல் நிலத்தை வளைக்க முடியாது. அதே நீளத்தைச் சதுரமாக மடக்கினாலும் 10.56 சதுர கிலோமீட்டர்தான் தேறும். குறிப்பிட்ட சுற்றளவுக்குள் மிகுதியான நிலத்தை அடைக்கவல்ல வடிவமாகிய வட்டத்தை எடுத்துக்கொண்டால் 13.45 சதுர கிலோமீட்டர் வரை போகலாம். ஆகவே 11 என்ற எண் உண்மையாக வேண்டுமானால், கோட்டையின் வடிவம் சதுரத்தைக் காட்டிலும் வட்டத்தை நெருங்கியிருக்க வேண்டும். 13 கிலோமீட்டர் சுற்றளவு, 11 சதுர கிலோமீட்டர் பரப்பு, முக்கோண வடிவம் ஆகிய மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை.

இதையே மறுமுனையிலிருந்தும் பார்க்கலாம். 11 சதுர கிலோமீட்டர் என்பது சுமார் 2,700 ஏக்கர். காணிக் கணக்கில் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு, இரண்டாயிரம் காணிக்கும் மேல் என்று சொன்னால் அதன் விரிவு உடனே மனத்தில் பதியும். அவ்வளவு நிலத்தை ஒரு சமபக்க முக்கோணம் அடைக்க வேண்டுமானால் ஒவ்வொரு பக்கமும் ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் நடக்கச் சராசரி மனிதருக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். கிருஷ்ணகிரி அடிவாரத்திலிருந்து ராஜகிரி அடிவாரம் போய்ச்சேர அவ்வளவு நேரமா ஆகிறது என்று ஆசிரியர் கேட்டால், செஞ்சியில் பிறந்து வளர்ந்த மாணவர் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை, கால்களே விடை சொல்லிவிடும். அச்சில் வந்த எண்ணையும் தன் அனுபவத்தையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டில் எது தவறு என்று கேட்கும் துணிவு இத்தகைய தருணத்தில்தான் ஒரு பிள்ளைக்கு வருகிறது.

ஆனால் அந்த எண் தவறு என்று அறிவித்துவிட்டு வகுப்பை முடிப்பது அவசரம். 13 கிலோமீட்டர் என்பது வெளிமதிலின் சுற்றளவா, அல்லது ஒவ்வொரு குன்றின் மீதும் அடுக்கடுக்காக எழும் உள்மதில்களையும் சேர்த்த மொத்த நீளமா என்று ஒரு மாணவி கேட்கக்கூடும். உள்மதில்களும் சேர்ந்திருந்தால் வெளிச் சுற்றளவு 13-ஐவிடக் குறைவு. அப்போது 11 சதுர கிலோமீட்டர் இன்னும் எட்டாத தொலைவுக்குப் போகும். செங்குத்தான பாறையே அரணாக நிற்கும் இடத்தில் மதில் எழுப்பத் தேவையில்லையே, அப்படியானால் மதிலின் நீளத்தைவிடக் கோட்டையின் சுற்றளவு கூடுதலாக இருக்கலாமே என்று மற்றொருவர் எதிர்வாதம் செய்யலாம். அது நியாயமான வாதம், கூற்றைக் காப்பாற்றக்கூடிய வாதமும்கூட. மதில் மலைமேல் ஏறி இறங்குவதால் தரையில் நடந்து அளந்த நீளமும் வரைபடத்தில் கிடைக்கும் நீளமும் ஒன்றாகா என்று மூன்றாமவர் சொன்னால், பிதாகரஸ் தேற்றம் தேர்வுத் தாளிலிருந்து இறங்கி மலைச்சரிவுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

இந்த விவாதத்தைத் தீர்க்கும் ஆதாரத்தை இணையமே தருகிறது. கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோல் கருவியைத் தேர்ந்துகொண்டு, வானிலிருந்து எடுத்த படத்தில் மதில் செல்லும் தடத்தை ஒவ்வொரு மூலையாகச் சொடுக்கிக்கொண்டே சென்று தொடங்கிய இடத்திலேயே முடித்தால், அந்தப் பலகோணத்தின் சுற்றளவையும் பரப்பையும் திரை காட்டும். ஐந்து குழுக்கள் இதைச் செய்தால் ஐந்து விடைகள் வரும். வகுப்பின் மிகச் சிறந்த பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. பத்து மூலைகளைச் சொடுக்கிய குழுவுக்கும் நாற்பது மூலைகளைச் சொடுக்கிய குழுவுக்கும் சுற்றளவு கணிசமாக வேறுபடும், பரப்போ அந்த அளவுக்கு மாறாது. ஏன் அப்படி என்று மாணவர்களே தேடட்டும். மதிலின் ஒவ்வொரு சிறு வளைவும் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஆனால் அது வெளியே புடைத்துச் சேர்க்கும் நிலத்தை, உள்ளே ஒடுங்கிய மற்றொரு வளைவு எடுத்துக்கொள்கிறது. அளவு என்பது அளக்கும் முறையைச் சார்ந்தது என்ற அறிவை இதைவிடத் தெளிவாக ஒரு சொற்பொழிவு தந்துவிட முடியாது.

ராஜகிரியின் உயரம் இன்னொரு வாய்ப்பு. 800 அடி என்பது ஏறத்தாழ 244 மீட்டர். அது கடல் மட்டத்திலிருந்தா, அடிவாரத்திலிருந்தா என்பதைப் பல பக்கங்கள் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் இயலில் ‘உயரங்களும் தொலைவுகளும்’ என்ற பகுதி உண்டு. பார்வைக்கோடு கிடைக்கோட்டோடு மேல்நோக்கி அமைக்கும் ஏற்றக்கோணத்தைக் கொண்டு உயரத்தைக் கணிப்பது அங்கே கற்பிக்கப்படுகிறது. 1802-இல் சென்னை பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்ப்டன் தொடங்கி, பின்னர் இமயம் வரை நீண்ட பெரும் முக்கோண நில அளவை, இதே கொள்கையை அரை டன் எடையுள்ள தியோடோலைட் என்னும் கோணமானியைக் கொண்டு நடத்தியது. மாணவருக்கு அவ்வளவு பெரிய கருவி வேண்டாம். வடிவியல் பெட்டியின் பாகைமானி, ஒரு உறிஞ்சுகுழல், நூலில் கட்டிய கல் ஆகியவை போதும். மலையுச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளி பாறைக்குள் மறைந்திருப்பதால் அதுவரை நாடா பிடித்து அளக்க முடியாது. ஆகவே சமவெளியில் ஓரிடத்திலிருந்து ஒரு கோணமும், மலையை நோக்கி அளந்த தொலைவு நடந்துசென்று மற்றொரு கோணமும் எடுத்து, இரண்டையும் இணைத்துக் கணக்கிட வேண்டியிருக்கும். பாடநூலில் கோபுரத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் சொல்லப்படும் இருகோணக் கணக்கு ஏன் தேவைப்படுகிறது என்பது அப்போது தானாக விளங்கும்.

அளந்து முடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 600 மீட்டர் தொலைவில் நின்று 22 பாகை என்று படித்தால் உயரம் சுமார் 242 மீட்டர் வரும். கை சற்று நடுங்கி 23 பாகை என்று படித்தால் 255 மீட்டர் வந்துவிடும். ஒரே ஒரு பாகைப் பிழை, நாற்பது அடி வேறுபாடு. அப்படியானால் முழுமையாக 800 அடி என்று எழுதிவைத்த எண்ணை எவ்வளவு துல்லியமானதாகக் கொள்வது? தாம் கணித்த விடையை, கூகுள் எர்த் காட்டும் உச்சியின் கடல்மட்ட உயரத்திலிருந்து அடிவாரத்தின் உயரத்தைக் கழித்து வரும் எண்ணோடு ஒப்பிட்டு, எது எவ்வளவு நம்பத்தக்கது என்று இரண்டு பத்தி எழுதும் மாணவர், மதிப்பெண்ணுக்காக இருபது கணக்குகளைச் செய்த மாணவரைவிட அதிகம் கற்றிருப்பார்.

கோட்டையை விட்டு வெளியே வந்தாலும் சோதனைக்குரிய கூற்றுகளுக்குப் பஞ்சமில்லை. போதையனார் என்னும் புலவர் பிதாகரஸுக்கு முன்பே கண்ட முறை என்ற முன்னுரையோடு, ஒரு பழம்பாடலை அடிப்படையாகக் கொண்ட செங்கோண முக்கோணச் சூத்திரம் தமிழர்களின் கைப்பேசிகளில் பல ஆண்டுகளாக வலம்வருகிறது. செங்கோணத்தை அமைக்கும் இரு பக்கங்களுள் நீண்டதை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளிவிட்டு, எஞ்சியதோடு குறும்பக்கத்தில் பாதியைச் சேர்த்தால், செங்கோணத்துக்கு எதிரே உள்ள கர்ணத்தின் நீளம் கிடைத்துவிடும், வர்க்கமூலம் தேவையில்லை என்பது அதன் சாரம். 3, 4 என்ற பக்கங்களுக்கு இம்முறை 5 என்று சரியாகத் தருகிறது. 5, 12 என்ற பக்கங்களுக்கு 13 என்று சரியாகத் தருகிறது. பகிரப்படும் செய்திகளில் பெரும்பாலும் இத்தகைய எடுத்துக்காட்டுகளே இருக்கும். இரண்டு முறை சரியாக வந்ததைக் கண்டு எப்போதும் சரி என்று நம்பிவிடுவது மனித இயல்பு. அந்த இயல்பை நிறுத்தி நிதானிக்கச் செய்வதே கணக்கின் தொழில்.

8, 15 என்ற பக்கங்களை எடுத்துக்கொண்டால் கர்ணம் 17 ஆக வேண்டும். இந்த முறை 17.125 என்கிறது. 7, 24 என்ற பக்கங்களுக்கு 25 வர வேண்டிய இடத்தில் 24.5 வருகிறது. ஒரு பொது விதியைப் பொய்யாக்கப் போதுமான ஒற்றை எடுத்துக்காட்டை எதிரெடுத்துக்காட்டு என்பர். இங்கு இரண்டு கிடைத்துவிட்டன. 8-க்கு 1 என்று ஒல்லியான முக்கோணத்தை எடுத்தால் விடை 7.5, அதாவது கர்ணம் பக்கத்தைவிடச் சிறியதாகிவிடுகிறது. அப்படியொரு முக்கோணத்தை யாராலும் வரைய முடியாது. இவ்வளவோடு நின்றால் இது வெறும் மறுப்பாகவே முடியும். ஜியோஜீப்ராவைத் திறந்து, நீண்ட பக்கத்தை 1 என்று நிலைநிறுத்தி, குறும்பக்கத்தைத் திரையில் இடவலமாக நகரும் குமிழால் மாற்றிக்கொண்டே வந்து, உண்மையான கர்ணத்தை ஒரு வரைகோடாகவும் பழைய முறை தரும் விடையை மற்றொரு வரைகோடாகவும் வரைந்தால், வியப்பூட்டும் காட்சி ஒன்று தோன்றும். முதலாவது வளைகோடு, இரண்டாவது நேர்கோடு. நேர்கோடு வளைகோட்டை இரண்டே இடங்களில் வெட்டிச் செல்கிறது. அந்த இரண்டு இடங்களும் எவை என்று திரையைப் பார்த்து ஊகிப்பதோடு அமையாமல், பக்கங்களின் விகிதத்தை ‘வி’ எனக் கொண்டு இருபுறமும் வர்க்கப்படுத்தினால், 48வி² − 56வி + 15 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு வரும்; பத்தாம் வகுப்பு மாணவர் அதைத் தாமே தீர்த்து 3/4, 5/12 என்ற இரண்டு விடைகளைப் பெறலாம். 3-4-5, 5-12-13 என்ற இரண்டு குடும்பங்களுக்கு மட்டும் இந்த முறை ஏன் பிசகாமல் வருகிறது என்பதற்கு, தற்செயலை நம்பாத முழு விளக்கம் அதுவே.

இதோடு இன்னொன்றையும் திரை காட்டுகிறது. அந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட விகிதங்களில் பழைய முறையின் பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டுவதில்லை. இரு பக்கங்களும் சமமாக இருக்கும்போதுகூட மூன்று விழுக்காட்டுக்குள்தான் இருக்கிறது. வர்க்கமூலம் காண எளிய வழி இல்லாத காலத்தில், கூரைக்கு வாரை அறுக்கும் தச்சருக்கு இது மிகவும் பயனுள்ள தோராய விதியாக இருந்திருக்கும். ஆகவே இது தேற்றம் என்பதும் தவறு, ஒன்றுக்கும் உதவாத புரட்டு என்பதும் தவறு; எல்லைக்குட்பட்ட நல்ல தோராயம் என்பதே நேர்மையான தீர்ப்பு. முன்னோர் அறிவின் மீது உண்மையான மதிப்பு வைத்திருப்பவர் அதன் எல்லையையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும். பெருமையாகப் பகிர்வதற்கும் ஏளனமாகத் தள்ளுவதற்கும் நடுவே இப்படி ஒரு மூன்றாவது வழி இருப்பதைப் பதினைந்து வயதில் கண்டுகொள்ளும் பிள்ளை, பிற்காலத்தில் தன் கைக்கு வரும் எந்தச் செய்தியையும் அப்படியே விழுங்காது.

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்திலும் இத்தகைய விதிகள் உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையை அறிய, காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்வது அவற்றுள் பலரும் அறிந்தது. கர்ண விதியைச் சோதிப்பதற்கும் இதைச் சோதிப்பதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. முன்னதை ஒரே ஒரு எதிரெடுத்துக்காட்டு வீழ்த்திவிடும். இயற்கையில் விளையும் பழத்தைப் பற்றிய கூற்றோ ஒரு பழத்தால் உறுதியாவதும் இல்லை, வீழ்வதும் இல்லை. பல பழங்களை எண்ணிப் பட்டியலிட்டு, கணித்த எண்ணுக்கும் கண்ட எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டின் சராசரியையும் பரவலையும் பார்த்தால்தான் ஏதேனும் சொல்ல முடியும். பலாவுக்குப் பெயர்பெற்ற பண்ருட்டி செஞ்சிக்கு வெகு தொலைவில் இல்லை. ஆளுக்கொரு பழத்தின் கணக்கைக் கொண்டுவந்து பொதுவான இணைய அட்டவணை ஒன்றில் பதிந்தால், புள்ளியியல் இயல் முழுவதற்கும் அதுவே தரவாகும். திண்ணைப் பள்ளிகளின் கணக்கு மரபை ஆராய்ந்த புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் செந்தில் பாபு, அங்கே நினைவாற்றல் வெறும் ஒப்பித்தலாக இல்லாமல், வாழ்க்கையில் எதிர்ப்படும் கணக்குகளைத் தீர்ப்பதோடு இணைந்திருந்ததைக் காட்டியிருக்கிறார். அந்த இணைப்பை மீட்டெடுப்பது பழமைக்குத் திரும்புவதாகாது.

கணக்கைப் படம் பிடித்தால் விடையைப் படிகளோடு காட்டும் ஃபோட்டோமேத் போன்ற செயலிகளும், கேட்டதற்கெல்லாம் சரளமாக விடை எழுதும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளும் இன்று மாணவர் கைகளில் இருக்கின்றன. அவற்றைத் தடைசெய்வதால் வீட்டுப்பாடம் மாறிவிடப்போவதில்லை. விடையைக் கேட்கும் வினா அவற்றின் முன் செத்துவிட்டது. விடையைச் சோதிக்கும் வினா உயிரோடு இருக்கிறது. செயலி தந்த தீர்வின் எந்தப் படி காரணம் இல்லாமல் தாவுகிறது, எந்தப் படியில் பூச்சியத்தால் வகுக்கும் ஆபத்து ஒளிந்திருக்கிறது, இதே கணக்குக்கு வேறு வழி உண்டா என்று கேட்டு எழுதச் சொன்னால், அதே செயலி பயிற்சிக் கருவியாகிவிடும். உரையாடல் செயலிகள் தவறான விடையையும் சரியான விடையின் அதே உறுதியோடு எழுதக்கூடியவை என்பதால், பிழை கண்டுபிடிக்கும் பயிற்சிக்கு அவை நல்ல தீனி.

இவ்வளவுக்கும் ஆளுக்கொரு கணினி தேவை என்று எண்ண வேண்டியதில்லை. ஆசிரியரின் கைப்பேசி, ஒரு திரை, நாற்பது நோட்டுப் புத்தகங்கள் இருந்தால் போதும், முறைதான் முக்கியம். திரையை ஒளிரவிடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் எழுதிவிட வேண்டும்; எழுதாத ஊகம் விடையைக் கண்டதும் தன்னை மாற்றிக்கொண்டுவிடும், அதன்பின் எங்கே பிழைத்தோம் என்று மாணவருக்கே தெரியாமல் போகும். அடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு வாதாட ஐந்து நிமிடம். அதற்குப் பிறகே கருவி. கருவி காட்டியது ஊகத்தோடு பொருந்தினாலும் ஏன் என்று கேட்க வேண்டும், பொருந்தாவிட்டாலும் ஏன் என்று கேட்க வேண்டும்; ஜியோஜீப்ராவில் ஆயிரம் முக்கோணங்களை இழுத்துப் பார்த்ததும் நிரூபணம் ஆகாது என்பதை மாணவர் மறக்கவிடக் கூடாது. ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கும் நல்ல வளங்களும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1996 முதல் நடத்திவரும் என்ரிச் தளத்தின் புதிர்கள் அத்தகையவை. அவற்றை ஆசிரியர் தமிழில் எடுத்துச் சொல்லி, முறுக்கும் மூட்டையும் காணியுமாக மாற்றி அமைத்தால் நம் பிள்ளைகளுக்கு உரியவையாகிவிடும்.

பாடப்பகுதியை முடிக்கவே நேரம் போதவில்லை, பொதுத்தேர்வு இப்படியெல்லாம் கேட்பதில்லை, ஆய்வகக் கணினிகள் பதிவேட்டு வேலைகளுக்கே சரியாகிவிடுகின்றன என்று ஆசிரியர்கள் சொல்வதில் பொய்யில்லை. இவற்றைத் தனியொரு ஆசிரியரின் ஆர்வம் தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பது அநீதி. வினாத்தாளில் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் வினாவாவது, தரப்பட்ட கூற்று சரியா என்று காரணத்தோடு எழுதச் சொல்லுமானால் வகுப்பறை அடுத்த ஆண்டே மாறும். அந்த முடிவைத் தேர்வுத் துறைதான் எடுக்க வேண்டும். அதுவரை மாதத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குவது எந்தப் பள்ளிக்கும் இயலாததன்று. பெருந்தொற்றுக்குப் பின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய வந்த இல்லம் தேடிக் கல்வி, 2021 அக்டோபர் 27 அன்று இதே விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. பள்ளிக்கு வெளியே, மாலை வேளையில், ஊர்க்காரர்களின் துணையோடு கற்பது இம்மாவட்டத்துக்குப் புதியதன்று.

செஞ்சியின் கணக்கு ஆசிரியர்கள் தம் வகுப்பு அளந்து கண்ட சுற்றளவையும் பரப்பையும் உயரத்தையும், அளந்த முறையோடும் பிழை எல்லையோடும் எழுதி, பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் செஞ்சிக் கோட்டைக் கட்டுரைக்கு உரிய உரையாடல் பக்கத்தில், அங்குள்ள எண்களுக்கு ஆதாரம் எது என்ற கேள்வியை மாணவர்களைக் கொண்டே எழுப்பவும் வேண்டும். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 15 வயது நிறையாதவர்களுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை.